பொன்னேரிக் கரையில் ஒரு புது நகரம்

கட்டடம் கட்டுவதை வேடிக்கை பார்க்கிற ஆசாமிகளில் நானும் ஒருவன். உங்களிலும் சிலர் இருப்பீர்கள். வெட்கப்படாமல் ஒப்புக் கொள்ளுங்கள்! தெருவோரத்தில் ஒரு கொத்தனார் தூக்குக் குண்டைக் கட்டித் தொங்க விட்டால் போதும், என் கால்கள் தாமாகவே நின்றுவிடும். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்ற ஞாபகமே வராது.

இந்த வியாதி சென்ற இரண்டு வருஷமாக முற்றிப் போயிருக்கிறது. காரணம், சென்னைக்கு வெளியே எழும்பிக் கொண்டிருக்கும் ஒரு பெரிய குடியிருப்பில் நாங்களும் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். ஒரே மதிலுக்குள் நூற்றுக் கணக்கான வீடுகள், கீழே கடைத் தெரு, ஒரு பக்கம் ஆபீசுகள், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம், நடுவில் நீச்சல் குளம், மூலையில் ஒரு பிள்ளையார் கோயில். "அரிசி வாங்கவும் வெளியே போக வேண்டாம், அரைக்காசு சம்பாதிக்கவும் வெளியே போக வேண்டாம்" என்று சொல்லாத குறையாக அழகான வர்ணப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நானும் என் மனைவியும் பஸ் ஏறிப் போய், எங்கள் வீடு வரப் போகிற ஆகாசத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருவோம்.

ஒவ்வொரு தடவையும் என் மனைவி அங்கிருக்கும் இளைஞரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "தண்ணீர் எங்கேயிருந்து வரும்?" அவர் உடனே புத்தகத்தைப் புரட்டி நீச்சல் குளத்தின் படத்தைக் காட்டுவார். படத்தில் தண்ணீர் நீலமாக இருக்கும். இவளும் பேசாமல் வந்துவிடுவாள். ஆனால் கேள்வியை மட்டும் விடவில்லை.

இப்படியிருக்கையில்தான் எங்கள் பத்திரிகையின் போட்டோகிராபர் நண்பர் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தார். "ஸார், ஊரிலே எங்க அம்மா வீடு கட்டி முடிச்சுட்டாங்க. வீடு மந்திரிப்பு வெச்சிருக்கோம். நீங்க அவசியம் வரணும்" என்றார். வீடு மந்திரிப்பு என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் கிரகப்பிரவேசம் என்கிறோமே, அதையே கத்தோலிக்கக் குடும்பங்களில் இப்படிச் சொல்வார்கள். பாதிரியார் வந்து ஜபம் செய்து ஒவ்வொரு அறையிலும் தீர்த்தம் தெளிப்பார். நண்பரின் ஊர் அரியலூர் ஜில்லாவில் இருக்கும் வரதராஜன்பேட்டை.

பெயர் வரதராஜன், ஊர் நடுவில் உயர்ந்து நிற்பதோ அலங்கார அன்னை ஆலயம். தமிழ்நாட்டில் இதெல்லாம் ஆச்சரியமா, என்ன? விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஆண்டிமடம் வழியாகப் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் செம்மண், செம்மண் மேல் முந்திரித் தோப்பு. வெயில் ஏற ஏற முந்திரிப் பழத்தின் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கொள்கிறது. பேரூராட்சி என்று பெயரே தவிர, அவசரமில்லாத ஊர். திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் பெண்கள் கும்பலாக உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்துக் கொண்டிருந்தார்கள். பாயசத்தில் மிதக்கிற அந்த வெள்ளைப் பருப்புக்குப் பின்னால் எத்தனை கரிய விரல்கள் இருக்கின்றன என்பதை அங்கே போனால்தான் பார்க்கலாம். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுக் கொண்டு உடைக்கிறார்கள்.

நண்பரின் தாயார் அந்த வேலை செய்துதான் வீடு கட்டியிருக்கிறார். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் சமையல் உள். அஸ்திவாரம் போட்டுவிட்டு இரண்டு வருஷம் அப்படியே போட்டு வைத்தாராம்; அப்புறம் சுவர்; அப்புறம் மறுபடி ஒரு வருஷம் இடைவெளி; அப்புறம் மேல்தளம். மந்திரிப்பு முடிந்து, சாப்பாடு ஆகி, கூட்டம் கலைந்த பிறகு, வந்த விருந்தாளிகளில் நான் ஒருவன்தான் சுவரைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

"தம்பிக்கு வீடு கட்டறதுன்னா ரொம்ப ஆசையோ?" என்றார் அந்த அம்மாள்.

எங்கள் ஆகாச வீட்டைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக் கொண்டே இருந்துவிட்டு, என் மனைவி கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்: "தண்ணிக்கு என்ன வழி?"

"அதுதான் தெரியவில்லை, அம்மா."

"அது தெரியாம எப்படித் தம்பி காசு கட்டினீங்க? நான் மொதல்ல போரு போட்டேன். தண்ணி வந்துச்சு. அப்பறந்தான் வானம் தோண்டினேன்." பிறகு மகனைப் பார்த்து, "தம்பியைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கூட்டிட்டுப் போடா. அங்கேயும் ஒரு ராசா மொதல்ல ஏரிதான் வெட்டினானாம். ஊரு கட்டின கதை வேணும்னா அங்கே போய்ப் பார்க்கட்டும்" என்றார்.

ஆகவே, வாசகர்களே, புது நகரம் கட்டுவதைப் பார்க்க நான் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். நகரம் கட்டி ஆயிரம் வருஷம் ஆகிறது என்பது ஒரு சின்ன விஷயம்தானே!

*

ஜெயங்கொண்டத்தைத் தாண்டிக் கிழக்கே போகிறபோது நண்பர் வண்டியை நிறுத்தினார். "இதுதான் பொன்னேரி" என்றார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடந்த தாழ்ந்த பூமியில் கொஞ்சம் தண்ணீரும் நிறையப் புதரும் இருந்தன.

இதைத்தான் முதலாம் ராசேந்திர சோழன் 'சோழகங்கம்' என்று பெயரிட்டு வெட்டினான். அவன் 1014 முதல் 1044 வரை ஆண்ட கதை உங்களுக்குத் தெரியும். தகப்பனார் ராசராசன் 1010-ல் தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டி முடித்துவிட்டுப் போயிருந்தார். தஞ்சாவூரில் அரண்மனை இருக்கிறது, படை இருக்கிறது, உலகமே அண்ணாந்து பார்க்கிற கோயில் இருக்கிறது. இத்தனையும் இருக்க, மகன் அதை விட்டுவிட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே, பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் ஓடாத ஒரு மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்தான். ஏன்? கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் படை கடப்பது கஷ்டம். வடக்கே போகிற சைன்யம் ஆற்றுக்கு வடகரையிலேயே இருப்பது நல்லது என்று நினைத்திருக்கலாம். தஞ்சைச் சமவெளியில் நல்ல நஞ்சையை அழித்து ஊரை விஸ்தரிக்க மனம் வராமல் இருந்திருக்கலாம். சரித்திர ஆசிரியர்கள் பல ஊகங்கள் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ, அப்பா கட்டிய வீட்டில் எத்தனை வசதி இருந்தாலும் பிள்ளைக்குத் தனி வீடு கட்டிக் கொள்ள வேண்டும் என்று தோன்றுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று படுகிறது. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்களே!

1023-ஐ ஒட்டி அவனுடைய படை கங்கைக் கரை வரை போய்த் திரும்பியது. தோற்ற அரசர்களின் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றிக் கொண்டு வந்தார்கள் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பெருமையாகச் சொல்கின்றன. அந்தக் கங்கை நீரை விட்டு நிறைத்த ஏரி இது. வெற்றிக்கு அடையாளமாகக் கல்லிலே தூண் நாட்டுவார்கள். இவன் தண்ணீரிலே ஒரு தூண் நாட்டினான் என்ற கருத்தில் அந்தச் செப்பேடு இந்த ஏரியைப் புகழ்கிறது.

கவித்துவம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிய ஆங்கிலேயர், ஏரியின் கரை வடக்குத் தெற்காகப் பதினாறு மைல் நீளம் இருந்தது என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். தெற்கே கொள்ளிடத்திலிருந்து ஒரு கால்வாய் அறுபது மைலுக்கு மேல் வந்து ஏரியில் விழுந்ததாம். வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொரு கால்வாய் முப்பது மைல் வந்ததாம். இரண்டு ஆற்றுத் தண்ணீரை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து வந்து நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, அதன் கரையில் ஊரைக் கட்டியிருக்கிறார்கள்! வரதராஜன்பேட்டை அம்மாள் சொன்னது எவ்வளவு சரி!

கல்வெட்டுகளில் இந்த நகரத்தை ஒட்டி 'மதுராந்தக வடவாறு' என்று ஒரு வாய்க்காலும் வருகிறது. மதுராந்தகன் என்பது ராசேந்திரனுக்கே பிள்ளைப் பிராயத்துப் பெயர். வடவாறு இன்றைக்கும் ஓடுகிறது. இந்த வடவாற்றை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது உங்கள் சமையலறைக்கே வரப் போகிறது.

*

ஏரி ஆயிற்று. இனிச் சாமான் சேர்க்க வேண்டுமல்லவா?

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் பெயர்களைக் கேட்டாலே ஒரு நகரத்தின் வரைபடம் கண் முன் விரிகிறது. கோட்டைக்குள் இருந்தது உட்கோட்டை. அரசனின் மெய்க்காவலர் குடியிருந்தது மெய்க்காவல்புத்தூர். ஆயுதங்கள் இருந்த இடம் ஆயுதக்களம். அரண்மனை இருந்த மேடு மாளிகைமேடு. இவற்றோடு எனக்கு மிகவும் பிடித்த பெயர், 'சுண்ணாம்புக்குழி'. ராஜா ராணி பெயரை எல்லா ஊரும் வைத்துக் கொள்ளும். சுண்ணாம்பு நீற்றிய இடத்தை எந்த ஊர் ஆயிரம் வருஷம் ஞாபகம் வைத்துக் கொள்கிறது, சொல்லுங்கள்!

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி. மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த கடல் பிராணிகள் இன்று கல்லாகக் கிடைக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்காகத்தான் இப்போது இந்த ஜில்லாவில் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. நம்முடைய நகரங்களில் எழும்பும் அடுக்கு மாடிகளில் எத்தனையோ மூட்டை அரியலூர்ப் பூமிதான். ஆக, புது நகரம் கட்டுவதற்குக் காரை கொடுக்கிற வேலையை இந்த ஜில்லா இன்னும் விடவில்லை.

சுண்ணாம்பு உண்டு, களிமண் உண்டு. கருங்கல் மலைதான் இந்த வட்டாரத்தில் கிடையாது. அதனால் நகரத்தின் பெரும் பகுதியைச் செங்கல்லில் கட்டினார்கள். கோயிலுக்கு மட்டும் வெகுதூரத்திலிருந்து கல் வந்தது. அந்தக் கல்லுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். அது வருத்தமான கதை.

மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்பொருள் துறை 1980-லிருந்து பல தடவை தோண்டிப் பார்த்திருக்கிறது. முதல் தடவை தோண்டியபோது டாக்டர் இரா. நாகசாமி அந்தத் துறையின் இயக்குநர். 2021 முதல் மறுபடியும் சில வருஷங்கள் தோண்டினார்கள். குழிகளின் மேல் கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். என் போன்ற கட்டடப் பைத்தியத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! மூன்றரை அடிக் கனத்துக்குச் செங்கல் சுவர், அடுக்கு அடுக்காகக் கீழே இறங்குகிறது. ஆங்காங்கே கருங்கல் பீடம். அதன் மேல் மரத்தூண் நின்றிருக்க வேண்டும். மரம் போய்விட்டது, பீடம் இருக்கிறது. மேல்தளத்துக்குச் சின்னச் சின்னத் தட்டை ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் வரிசை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். நம் பாட்டனார் வீட்டு மெத்தையில் தட்டோடு பதித்திருக்குமே, அதே வேலைதான். இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன.

வெளி மதில் இன்னும் சாமர்த்தியமானது. பக்கத்துக்கு ஒரு செங்கல் சுவர் எழுப்பி, நடுவில் மணலைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மொத்தக் கனம் ஆறிலிருந்து எட்டு அடி. செங்கல் செலவு மிச்சம்! ராசேந்திர சோழன் மதில் என்று கல்வெட்டில் அதற்குப் பெயர். பெருவழிகளுக்கு ராசராசன் பெயரும் ராசேந்திரன் பெயரும் வைத்திருந்தார்கள். வேம்புகுடி என்ற ஊரைப் பார்த்த தெற்கு வாசலுக்கு வேம்புகுடி வாசல் என்று பெயர். பேரங்காடி ஒன்று இருந்தது. சிவன் கோயில்களும் பெருமாள் கோயில்களும் இருந்தன. யானை போன வழி என்று பொருள்படும் பெயருள்ள ஒரு பெருவழிகூட இருந்திருக்கிறது. எந்த யானை, எப்போது போயிற்றோ! தெருக் குழந்தைகள் பின்னால் ஓடியிருப்பார்கள் என்று மட்டும் நிச்சயமாக நம்பலாம்.

அரண்மனை, அதிகாரிகள் வீடு, சேவகர் தெரு, கடைத் தெரு, கோயில், குளம், எல்லாம் ஒரே மதிலுக்குள். எங்கள் வர்ணப் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே திட்டம்தான்!

குழிகளிலிருந்து எடுத்த சாமான்களில் என்னை நிறுத்தி வைத்தவை வளையல் துண்டுகள். சங்கு வளையல், கண்ணாடி வளையல். கூடவே சீன தேசத்துப் பீங்கான் சில்லுகள், யானைத் தந்தத்தில் செய்த சாமான்கள். சோழ மன்னர்கள் சீனத்துக்குத் தூது அனுப்பியது 1015-லும் 1033-லும் 1077-லும் என்று சீனத்து ஏடுகளே சொல்கின்றன. அரசர்கள் தூது அனுப்பினார்கள், வணிகர் பீங்கான் கொண்டு வந்தார்கள், அரண்மனையில் எந்தப் பெண்மணியோ அதைக் கை தவறிப் போட்டு உடைத்துவிட்டு, "யாரும் பார்க்கவில்லையே?" என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். இது கல்வெட்டில் இல்லை. என் சொந்தச் சரக்கு.

*

கோயிலைப் பற்றி நான் விஸ்தாரமாக எழுதப் போவதில்லை. அதைப் படிப்பதைவிட ஒரு தடவை போய் நின்று பாருங்கள். தஞ்சை விமானம் நிமிர்ந்து நிற்கிற வீரனைப் போல நேர்கோடாக ஏறுகிறது. இது சற்றே உள்வாங்கி வளைந்து ஏறுகிறது. சுமார் 180 அடி உயரம். அப்பாவின் கோயிலைவிடக் குறைவு. வேண்டுமென்றே மரியாதைக்குக் குறைத்தான் என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். அதற்குச் சான்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வடக்கு வாசல் பக்கத்தில் சண்டிகேசருக்குச் சிவபெருமான் தம் கையாலேயே தலையில் மாலை சுற்றுகிறாரே, அந்தச் சிற்பத்தின் முன் கால் மணி நேரமாவது நில்லுங்கள். குனிந்திருக்கிற அந்தப் பிள்ளையின் முகத்தில் இருக்கிற அடக்கம், கல்லில் எப்படி வந்தது என்றே தெரியவில்லை. 2004-ல் இந்தக் கோயில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஆடித் திருவாதிரைக்கு, ராசேந்திரன் பிறந்த நட்சத்திரம் என்று ஐந்து நாள் விழா நடந்து, பிரதம மந்திரியே வந்து நாணயம் வெளியிட்டுப் போனார்.

நான் போன அன்று அத்தனை கூட்டம் இல்லை. பிராகாரத்தைச் சுற்றி வந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. இத்தனை பெரிய கோயிலுக்குக் கிழக்கே கோபுரம் எங்கே? மொட்டையாக அடிப்பாகம்தான் நிற்கிறது. சுற்று மதில் எங்கே? இரண்டு அடுக்காக இருந்த திருச்சுற்று மாளிகையில் கொஞ்சம்தான் மிச்சம்.

நகரம் சுமார் 250 வருஷம் சோழர் தலைநகராக இருந்தது. 1279-க்குப் பிறகு சோழ அரசே இல்லை. பாண்டியர் கை ஓங்கிவிட்டது. அரண்மனை போயிற்று, மதில் போயிற்று, ஏரிக்கரை உடைந்து காடாயிற்று. அப்போதும் கோயில் தப்பியது. கோயிலின் கற்களுக்கு ஆபத்து வந்தது அதற்கும் ஐந்நூறு வருஷம் கழித்து, 1836-ல்.

அந்த வருஷம் ஆர்தர் காட்டன் என்ற என்ஜினீயரின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். அணைக்குக் கல் வேண்டும். கங்கைகொண்ட சோழபுரமோ பக்கத்தில் இருக்கிறது. செதுக்கித் தயாராக நிற்கிற கல்! கோபுரத்தையும் மதிலையும் பெயர்த்து வண்டி வண்டியாகக் கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று ஒரு வாக்குறுதி கொடுத்தார்களாம். அந்த வாக்குறுதி நிறைவேறவே இல்லை. நான் சொல்லவில்லை, அந்த நாளிலேயே ஓர் ஆங்கிலேயர் வெட்கத்தோடு எழுதி அச்சிட்ட புத்தகத்தில் இருக்கிறது.

கீழணையில் தேங்கிய தண்ணீர் எங்கே போகிறது? வடவாற்றில் போகிறது. வடவாறு எங்கே போகிறது? வீராணம் ஏரிக்குப் போகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அதே வீரநாராயண ஏரி. வீராணத்துத் தண்ணீர் எங்கே போகிறது? 2004-லிருந்து பெரிய குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. ஆகவே, சென்னைவாசியான சகோதரி, நாளைக் காலையில் நீங்கள் குழாயைத் திறந்து காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது, அதில் எத்தனையோ பங்கு கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல் போன அணையில் நின்று வந்த தண்ணீர். அணையைப் பின்னால் எத்தனையோ தடவை பழுது பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள். எந்தக் கல் எங்கே கிடக்கிறதோ!

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வருவதா, சமாதானம் ஆவதா என்று புரியவில்லை. அணையினால் பல்லாயிரம் குடும்பங்கள் சோறு சாப்பிட்டன, அதுவும் வாஸ்தவம். கல் வேறு எங்காவது கிடைத்திருக்கும், அதுவும் வாஸ்தவம்.

*

கோயிலை விட்டு வெளியே வந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டோம். எண்பது வயது சொல்லத்தக்க ஓர் ஆயா செம்பில் கொண்டு வந்து கொடுத்தார். நண்பர் காமிராவைத் தூக்கியதும் புடவைத் தலைப்பைச் சரி செய்து கொண்டார். நாங்கள் ஏதோ சர்க்கார் ஆசாமிகள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"ஐயா, ஒரு ரூமு கட்டிக்க உத்தரவு கொடுப்பாங்களா?" என்றார்.

உள்ளே பார்த்தேன். ஒரே அறை, ஒரு தாழ்வாரம். பேத்தி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தொட்டில் கட்டியிருந்தது, தொட்டிலுக்கு அடியில் அடுப்புச் சாமான். ஆண் பிள்ளைகள் இரவில் கோயில் பக்கத்துப் புல் தரையோரம் படுத்துக் கொள்கிறார்களாம்.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள புராதனச் சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இன்னும் இருநூறு மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-ல் சட்டத்தை இப்படி இறுக்கினார்கள். நூறு மீட்டருக்குள் இருக்கிறவர்கள் பழுது பார்ப்பதானாலும் மனுப் போட வேண்டும். ஆயாவின் வீடு அந்த நூறு மீட்டருக்குள் இருக்கிறது.

அதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக் கொண்டிருந்தபோதே அவர் சொன்னார்: "தெரியும் ஐயா. கோயிலுக்குக் கெடுதல் வரும்னு சொல்றாங்க. எங்க கோயிலுக்கு நாங்க கெடுதல் பண்ணுவமா? மதிலைப் பேத்துக்கிட்டுப் போனவங்க எந்த ஆபீசிலே மனுப் போட்டாங்க? எங்க பாட்டன் பூட்டனுங்க தடுத்துக்கிட்டு நின்னு அடி வாங்கினதாச் சொல்லுவாங்க. இப்ப நான் ஒரு பக்கம் செவுரு வெக்கக் கூடாதுங்கறாங்க."

நான் பதில் சொல்லவில்லை. சட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பத்து வருஷத்தில் விமானத்தை மறைத்து நாலு அடுக்கு விடுதிகள் நிற்கும். கட்டுகிறவர் ஆயாவாக இருக்க மாட்டார். அதனால் சட்டம் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே சமயம் அந்தத் தொட்டிலையும் பார்த்துவிட்டேன். ஒரு பிரசவ அறைக்கும் ஒரு மாடி விடுதிக்கும் வித்தியாசம் தெரிகிற அதிகாரி யாராவது இருந்து, இம்மாதிரிக் குடும்பங்களுக்குச் சற்றுத் தள்ளி மனையாவது கொடுத்தால் என்ன? கோயிலுக்கு அருங்காட்சியகம் கட்டப் போகிறார்கள். ஏரியைச் சீர்திருத்தப் போவதாகவும் 2025-ல் தமிழக அரசு அறிவித்தது. ரொம்ப சந்தோஷம். அந்தத் திட்டத்தில் ஓர் ஓரமாக இதையும் எழுதிக் கொள்ளலாம்.

விடை பெற்றுக் கொண்டபோது ஆயா கேட்டார்: "பத்திரிகையிலே போடுவீங்களா?"

"போடுகிறேன், ஆயா."

"பேரு போட வேண்டாம்" என்றார்.

போடவில்லை.

திரும்பி வரும்போது பொன்னேரிக் கரையில் மறுபடியும் வண்டியை நிறுத்தினோம். மாலை வெயிலில் இருந்த கொஞ்சம் தண்ணீரும் பெயருக்கேற்ப மினுமினுத்தது. ஒரு பையன் நாலு மாடுகளைத் தண்ணீர் காட்ட இறக்கிக் கொண்டிருந்தான். பின்னால் திரும்பிப் பார்த்தால் விமானத்தின் உச்சி தெரிகிறதா என்று நண்பர் தேடிக் கொண்டிருந்தார், படம் எடுக்க. நான் அம்மாள் கொடுத்தனுப்பிய முந்திரிப் பருப்புப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி காலி செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல நாங்கள் இருவரும் எங்கள் ஆகாச வீட்டைப் பார்க்கப் போனோம். மதில் வேலை முடிந்திருந்தது. கடைத் தெருவுக்குப் பெயர்ப் பலகை வந்திருந்தது. பிள்ளையார் கோயிலுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். வர்ணப் புத்தகத்து இளைஞர் அன்று லீவு. அவருக்குப் பதிலாகத் தலையில் தொப்பியும் சட்டையெல்லாம் சிமெண்டுமாக ஓர் என்ஜினீயர் இருந்தார்.

என் மனைவி கேட்டாள்: "தண்ணீர் எங்கேயிருந்து வரும்?"

அவர் நல்ல மனுஷர். படம் எதுவும் காட்டவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து கொண்டு, "லாரியிலேதாம்மா" என்றார்.